மூன்றே நாளில் 100 மடங்கு கூட்டம்... ஓர் ஆப் எப்படித் தாங்கும்? கூடுவாஞ்சேரி பக்கம் கிடைத்த 'க்ளவுட்' பாடம்!

நாளொன்றுக்கு 3,000 பேர் புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்த ஓர் ஆப். மூன்றே நாளில் அந்த எண்ணிக்கை 3,50,000 ஆனால் என்ன ஆகும்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. 2025 செப்டம்பர் கடைசியில் 'அரட்டை' ஆப்புக்கு உண்மையிலேயே நடந்தது. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி சாலையில் செங்கல்பட்டு நோக்கிப் போனால், கூடுவாஞ்சேரியை ஒட்டி வல்லாஞ்சேரி வரும். அங்கேதான் சோஹோ நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. அவர்கள் 2021-ல் வெளியிட்ட மெசேஜிங் ஆப்தான் அரட்டை. நான்கு வருடம் அது பாட்டுக்கு அமைதியாக இருந்தது. மத்திய அமைச்சர்கள் 'உள்நாட்டு ஆப்களுக்கு மாறுங்கள்' என்று சமூக வலைதளங்களில் எழுத ஆரம்பித்ததும் ஒரே பாய்ச்சல். மூன்று நாளில் 100 மடங்கு டிராஃபிக் என்று சோஹோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு எக்ஸ் தளத்தில் எழுதினார். இன்னொரு 100 மடங்கு வந்தாலும் தாங்கும்படி அவசரமாகக் கட்டமைப்பைக் கூட்டிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

அந்த நாள்களில் அரட்டையை டவுன்லோடு செய்தவர்களுக்கு நினைவிருக்கும். ஓ.டி.பி வரத் தாமதம், கான்டாக்ட்கள் சேரத் தாமதம், கால் பேசுவதில் சிக்கல். சர்வர்களைக் கூட்டிக்கொண்டிருக்கிறோம், ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று நிறுவனமும் வெளிப்படையாகச் சொன்னது.

'கூட்டம் வந்தால் இன்னும் நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட வேண்டியதுதானே?' என்று நமக்குத் தோன்றும். அது பாதி பதில். மீதிப் பாதி, கூட்டம் வருவதற்கு முன்பே அந்த ஆப்பை எப்படிக் கட்டியிருந்தார்கள் என்பதில் இருக்கிறது. அந்த மீதிப் பாதியைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

ஒரு நாளைக்கு 3,000 பேர் என்றால், சராசரியாக 29 விநாடிக்கு ஒருவர் உள்ளே வருகிறார். 3,50,000 பேர் என்றால், ஒவ்வொரு விநாடிக்கும் நான்கு பேர். பார்க்கப் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒருவர் சேர்ந்ததும் பின்னால் என்னவெல்லாம் நடக்கிறது என்று பாருங்கள். அவருக்கு ஒரு ஓ.டி.பி அனுப்ப வேண்டும். அவர் போனில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் 'இவர் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறாரா?' என்று தேட வேண்டும். ஒருவர் போனில் 500 எண்கள் என்று வைத்துக்கொண்டால், 3,50,000 பேருக்கு ஒரே நாளில் 17.5 கோடி தேடல்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர்தான், ஆனால் அவர் கையோடு 500 கேள்விகளைக் கொண்டு வருகிறார்!

பொங்கல் ஸ்பெஷல் பஸ் விடுவது மாதிரி

'க்ளவுட்' என்றால் மேகம் எல்லாம் இல்லை. வேறொருவரின் டேட்டா சென்டரில் இருக்கும் கம்ப்யூட்டர்களை, தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பது. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்றவர்கள் இதைத் தொழிலாகச் செய்கிறார்கள். சோஹோ தன் சேவைகளைத் தன்னுடைய சொந்த டேட்டா சென்டர்களிலேயே வைத்திருக்கிறது. வாடகையோ சொந்தமோ, கூட்டத்தைச் சமாளிக்கும் சூத்திரம் ஒன்றுதான்.

அந்தச் சூத்திரம் நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமானது. பொங்கலுக்கு முந்தைய இரண்டு நாள்களில் சென்னையே ஊருக்குக் கிளம்புகிறது. அதற்காக யாரும் 500 பேர் உட்காரும் ராட்சத பஸ் ஒன்றைச் செய்வதில்லை. அதே அளவு பஸ்களை அதிக எண்ணிக்கையில் விடுகிறார்கள். பண்டிகை முடிந்ததும் அவை வழக்கமான ரூட்டுக்குத் திரும்பிவிடும். ஆப்களிலும் அப்படித்தான். ஒரே கம்ப்யூட்டரைப் பெரிதாக்கிக்கொண்டே போவதற்கு ஓர் எல்லை உண்டு. அதனால் சிறு சிறு சர்வர்களாக எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். எந்த சர்வரில் இடம் இருக்கிறது என்று பார்த்து ஆள்களை அனுப்பிவைக்க ஒரு 'லோடு பேலன்ஸர்' இருக்கும். பஸ் ஸ்டாண்டில் நின்று கூட்டத்தைப் பிரித்துவிடும் டைம் கீப்பர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்த பஸ்ஸில் ஏறினாலும் டிக்கெட் செல்ல வேண்டும். நீங்கள் லாக்-இன் செய்த விவரத்தை ஒரு சர்வர் தன் மண்டைக்குள் மட்டும் வைத்துக்கொண்டால், அடுத்த முறை அதே சர்வரிடம்தான் போக வேண்டும். அது படுத்துவிட்டால் நீங்களும் வெளியே. அதனால் அந்த விவரத்தைப் பொதுவான ஓர் இடத்தில் வைப்பார்கள். அல்லது, ஆஸ்பத்திரி ஓ.பி சீட்டு போல உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். ஆப்பை முதல் நாளிலிருந்தே இப்படிக் கட்டியிருந்தால், 10 சர்வரை 1,000 ஆக்குவது ஒரு செட்டிங். கட்டாமல் விட்டிருந்தால், கூட்டம் நிற்கும்போது வீட்டை இடித்துக் கட்டுவது போலத்தான்.

நெரிசல் போகாது, இடம் மாறும்

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் டெர்மினஸ் திறக்கப்பட்டது. தென்மாவட்ட பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. கோயம்பேட்டின் பாரம் குறைந்தது உண்மை. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஊருக்குள் வருவது எப்படி? திறந்தபோது அங்கே ரயில் நிலையம் இல்லை. அதனால் கூட்டம் மாநகர பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் அலைமோதியது.

ஆப்களிலும் இதே கதைதான். முன்னால் 1,000 சர்வர்களை நிறுத்திவிடலாம். அத்தனை பேரும் கடைசியில் ஒரே ஒரு டேட்டாபேஸிடம் போய்க் கேட்டால், நெரிசல் அங்கே போய் நின்றுகொள்ளும். இங்கேதான் வடிவமைப்பாளரின் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

இரண்டு நிகழ்வுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று, பிளஸ் டூ ரிசல்ட். ஒரே நேரத்தில் லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். ஆனால் மார்க் மாறப்போவதில்லை. அதனால் அதைப் பல நகல்கள் எடுத்துப் பல இடங்களில் வைக்கலாம். அரசு இணையதளம், டிஜிலாக்கர், பதிவு செய்த எண்ணுக்கு எஸ்.எம்.எஸ் என்று பல வழிகளில் ரிசல்ட் வருவதற்கு இதுதான் வசதி. டெக் மொழியில் இப்படி நகலை அருகில் வைத்துக்கொள்வதற்கு 'கேஷ்' என்று பெயர்.

இன்னொன்று, தட்கல். ஏ.சி வகுப்புக்கு காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. இங்கே நகல் உதவாது. ஒரு பெர்த்தை ஒருவருக்குத்தான் விற்க முடியும். யாருக்கு என்று ஓர் இடத்தில் முடிவு செய்தே ஆக வேண்டும். 2025 மே 22 காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவானதாக ரயில்வே சொன்னது. அதைவிட முக்கியமான இன்னொரு தகவலும் அதே அறிவிப்பில் இருந்தது. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் வரும் லாக்-இன் முயற்சிகளில் பாதி வரை மனிதர்களே இல்லை, தானியங்கி 'பாட்'கள்! ஆக, வரிசையை நீளமாக்குவதைவிட, வரிசையில் நிற்கத் தகுதியில்லாதவர்களை வெளியே நிறுத்துவது பெரிய வேலை. 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியதன் பின்னணி இதுதான்.

'ரீசெண்ட்' பட்டனை விடுங்க பாஸ்!

ஓ.டி.பி வரவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? 'ரீசெண்ட்'. பத்து விநாடி. மறுபடியும் 'ரீசெண்ட்'. வீட்டில் எல்லோரும் இப்படித்தான். ஏற்கெனவே திணறும் சர்வருக்கு ஒருவரே ஐந்து பேராகத் தெரிவோம். கூட்டமே கூட்டத்தைப் பெருக்கும் இந்த நிலைக்கு 'ரீட்ரை ஸ்டார்ம்' என்று பெயர்.

இது ஒரு நாட்டையே நிறுத்தும். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. யு.பி.ஐ பல மணி நேரம் தடுமாறியது. மேற்கு தாம்பரம் சண்முகம் சாலை மாதிரி ஒரு கடைத்தெருவில், கையில் காசில்லாமல் க்யூ.ஆர் கோடை நம்பிக் காய்கறி வாங்கியவரையும், விற்றவரையும் நினைத்துப் பாருங்கள். காரணத்தை ஆராய்ந்த என்.பி.சி.ஐ கண்டுபிடித்தது இது: 'அந்தப் பணம் போனதா, இல்லையா?' என்று சரிபார்க்கும் கோரிக்கைகளை, பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து, சில வங்கிகளின் சிஸ்டம்கள் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தன. பணம் அனுப்பும் கூட்டத்தைவிட, 'போச்சா, போச்சா?' என்று கேட்கும் கூட்டம் வழியை அடைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கட்டுப்பாடுகள் வந்தன. ஓர் ஆப்பில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் பேலன்ஸ் பார்க்க முடியாது என்ற 2025 ஆகஸ்ட் விதி அவற்றில் ஒன்று.

நல்ல ஆப்களில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் முயற்சி தோற்றால் ஒரு விநாடி காத்திருக்கும். அடுத்து இரண்டு, பிறகு நான்கு, எட்டு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும். எல்லா போன்களும் ஒரே விநாடியில் கதவைத் தட்டாமல் இருக்க, அந்த இடைவெளியைக் கொஞ்சம் முன்பின்னாகவும் மாற்றிக்கொள்ளும். உடனே முடிக்கத் தேவையில்லாத வேலைகளை டோக்கன் போட்டு வரிசையில் வைத்துவிடும். கான்டாக்ட் எல்லாம் பத்து நிமிடம் கழித்துச் சேர்ந்தால் ஒன்றும் குடி முழுகாது. ஓ.டி.பி அப்படி இல்லை. எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்று முன்கூட்டியே பிரித்து வைப்பதுதான் சாமர்த்தியம்.

மறைமலை நகர் அச்சகமும் ஒரே ஒரு வழியும்

இதுவரை கூட்டத்தைப் பற்றிப் பேசினோம். கூட்டமே இல்லாமலும் ஒரு சேவை நின்றுபோகலாம். அதற்கு நம் பக்கத்திலேயே, க்ளவுடுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் உதாரணம் இருக்கிறது.

2015 டிசம்பர் 2. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் தண்ணீரில் நின்ற அந்த வெள்ளம். 1878-ல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பு அன்று அச்சாகவில்லை. காரணம், மறைமலை நகரில் இருந்த அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச் சேர முடியவில்லை. செய்தியும் இருந்தது, எழுதுபவர்களும் இருந்தார்கள். நின்றுபோனது வழி ஒன்றுதான். 'இது ஒன்று போனால் எல்லாம் போச்சு' என்று இருக்கும் அந்த ஒற்றைப் புள்ளியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் உறுதியான ஆப் கட்டுவதில் முதல் பாடம்.

அதனால்தான் க்ளவுட் நிறுவனங்கள் ஒரே நகரப் பகுதியிலேயே தனித்தனி மின்சாரம், தனித்தனி கட்டடம் என்று பல 'ஸோன்'களை வைக்கின்றன. நகரமே முடங்கினால் என்ன செய்வது என்று வேறு நகரத்திலும் வைக்கின்றன. அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத். கூகுளுக்கு மும்பை, டெல்லி. மைக்ரோசாஃப்ட்டுக்குச் சென்னையிலும் உண்டு. இந்தியப் பயனாளர்களின் தகவல்கள் மும்பை, டெல்லி, சென்னை டேட்டா சென்டர்களில் இருப்பதாக ஸ்ரீதர் வேம்பு சொல்லியிருக்கிறார். மிக்ஜாம் புயல் மாதிரி ஒன்று 2023 டிசம்பரில் தென்சென்னையை முடக்கிப்போட்டதைப் பார்த்த நமக்கு, இரண்டாவது நகல் ஏன் இன்னொரு ஊரில் இருக்க வேண்டும் என்று யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

ஆனால் இரண்டு ஊரில் வைத்தால் ஒரு தர்மசங்கடம் வரும். சென்னைக்கும் மும்பைக்கும் நடுவே தொடர்பு அறுந்துவிட்டால், இரண்டு கணக்குப் புத்தகமும் ஒன்றாக இருக்காது. அப்போது சேவையைத் தொடர்வதா, நிறுத்துவதா? சாட் ஆப் என்றால் தொடரலாம். மெசேஜ் கொஞ்சம் தாமதமாகச் சேரும், அவ்வளவுதான். வங்கி என்றால் 'பிறகு முயற்சிக்கவும்' என்பதே நேர்மை. ஒரே 5,000 ரூபாயை இரண்டு இடத்தில் எடுக்க விட்டுவிடக் கூடாது இல்லையா?

தீபாவளி மதியம் வெடித்த வெடி

2025 அக்டோபர் 20. நாம் தீபாவளி விருந்துக்கு உட்காரும் நேரம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசான் க்ளவுடின் முக்கியமான பகுதி ஒன்று தடுமாற, ஸ்னாப்சாட், கேன்வா, டுவோலிங்கோ, சிக்னல் என்று உலகம் முழுக்கப் பல ஆப்கள் சேர்ந்து விழுந்தன. முழுமையாகச் சீராக சுமார் 15 மணி நேரம் ஆனது.

வெள்ளமும் இல்லை, தீ விபத்தும் இல்லை. டேட்டாபேஸ் சேவை ஒன்றின் முகவரியைத் தானாகப் புதுப்பிக்கும் இரண்டு புரோகிராம்கள் ஒன்றின் வேலையை ஒன்று கெடுத்துக்கொண்டன. முகவரிப் புத்தகத்தில் அந்த வரி காலியாகிவிட்டது. சேவை அங்கேயேதான் இருந்தது. போய்ச் சேர முகவரிதான் இல்லை. மறைமலை நகர் கதையேதான்! அந்தப் பகுதியில் பல ஸோன்கள் இருந்தும் பயனில்லை. எல்லாமே அந்த ஒரு முகவரியை நம்பி இருந்தன.

அப்படியென்றால் என்னதான் செய்வது? நம் வீட்டு இன்வெர்ட்டரைப் பாருங்கள். கரன்ட் போனால் ஃபேனும் லைட்டும் ஓடும். ஏ.சி-யும் கிரைண்டரும் ஓடாது. அந்த முடிவை, வீட்டுக்கு ஒயரிங் செய்யும்போதே எடுத்துவிட்டோம். நல்ல ஆப்பும் இப்படித்தான் கட்டப்படுகிறது. பாரம் ஏறினால் புரொஃபைல் படம் வராமல் போகலாம், மெசேஜ் போக வேண்டும். 'உங்களுக்குப் பிடிக்கலாம்' பரிந்துரைகள் காணாமல் போகலாம், பணம் கட்டும் பட்டன் வேலை செய்ய வேண்டும். ஒரு பகுதி பழுதானால் அதனுடனான தொடர்பைத் தானே துண்டித்துக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும் ஏற்பாட்டுக்கு 'சர்க்யூட் பிரேக்கர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் மீட்டர் பெட்டியில் ட்ரிப் ஆகுமே, அதே பெயர், அதே வேலை.

இன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன் மெயினை அணைத்துப் பார்ப்போம் அல்லவா? நெட்ஃப்ளிக்ஸ் அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. 2008-ல் ஒரு டேட்டாபேஸ் கெட்டுப்போய், மூன்று நாள் அவர்களால் டிவிடி அனுப்ப முடியவில்லை. அந்த அடிக்குப் பிறகுதான் க்ளவுடுக்கு மாறத் தொடங்கினார்கள். மாறியதும், ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களை வேண்டுமென்றே ஆங்காங்கே நிறுத்தும் ஒரு புரோகிராமையும் எழுதினார்கள். பெயர் 'கேயாஸ் மங்கி'. குரங்கு வந்து எதைப் பிடுங்கினாலும் படம் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால், பொறியாளர்கள் அலுவலகத்தில் இருக்கும் பகல் நேரத்திலேயே தெரிந்துவிடும்!

நம் பக்கத்து சின்ன ஆப்களுக்கு?

சோஹோவுக்கும் நெட்ஃப்ளிக்ஸுக்கும் ஆள் பலம் இருக்கிறது. குரோம்பேட்டையிலோ மேடவாக்கத்திலோ இரண்டு அறை அலுவலகத்தில், ஐந்து பேர் சேர்ந்து பள்ளிகளுக்கான ஃபீஸ் ஆப் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம் ஃபீஸ் கட்டும் கடைசி நாளில் அது படுத்தால், அடுத்த வருடம் அந்தப் பள்ளி அவர்களிடம் வராது. அந்த ஒரு நாள்தான் அவர்களின் பரீட்சை.

அவர்கள் இரண்டு நகரம், 50 மைக்ரோசர்வீஸ் என்றெல்லாம் முதல் நாளே போக வேண்டியதில்லை. துண்டு துண்டாக்கினால் துண்டுகளுக்கு நடுவே உடையும் இடங்களும் கூடும். மூன்று சேவைகள் தலா 99.9 சதவிகிதம் ஒழுங்காக ஓடினாலும், மூன்றும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்றால், வருடத்துக்கு 9 மணி நேரத் தடங்கல் 26 மணி நேரமாகிவிடும். அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழுவே, பிரித்து வைத்திருந்த ஒரு சிஸ்டத்தை ஒன்றாகச் சேர்த்து 90 சதவிகிதச் செலவைக் குறைத்ததாக 2023-ல் எழுதியது.

சின்ன நிறுவனத்துக்கு இவை போதும். ஒன்றுக்கு இரண்டாக சர்வர். வேறு ஊரில் டேட்டாபேஸின் நகல். அந்த நகலிலிருந்து மீண்டும் ஆப்பை எழுப்ப முடிகிறதா என்று மாதம் ஒருமுறை சோதனை. மாறாத தகவலுக்குக் கேஷ். அவசரமில்லாத வேலைக்கு வரிசை. கூட்டம் வந்தால் சர்வர்கள் தானாகக் கூடும் வசதி. அதற்கு ஓர் உச்சவரம்பு, இல்லையென்றால் மாதக் கடைசியில் வரும் பில் தூக்கத்தைக் கெடுக்கும்.

கூட்டுவதைப் போலவே குறைக்கவும் தெரிய வேண்டும். அரட்டைக்கு வந்த முதல் அலை அடங்கி, 2025 நவம்பருக்குள் ஆப் ஸ்டோர் பட்டியலின் உச்சியிலிருந்து அது இறங்கிவிட்டது. அலை எப்போது வரும், எவ்வளவு நாள் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வந்தவர் முதல் ஐந்து நிமிடத்தில் ஓ.டி.பி கிடைக்காமல் திரும்பிப் போனால், அவரை மறுபடி அழைத்து வருவது கஷ்டம். ஜி.எஸ்.டி சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் கோடு எழுதும் நம் பிள்ளைகளுக்கு, உலகத் தரத்தில் ஓர் ஆப் செய்து காட்ட வாய்ப்புகள் இனியும் வரும். வரும் வாரத்தில் அதைப் பிடித்துக்கொள்வதற்கான வேலையை, யாரும் கவனிக்காத வாரங்களில்தான் செய்து முடிக்க வேண்டும்.

நமக்கு நாமே 'பேக்கப்'

எவ்வளவு நல்ல ஆப்பும் ஒரு நாள் படுக்கும். அன்றைக்கு நாம் திண்டாடாமல் இருக்க நான்கு விஷயங்கள்:

* இரண்டு வங்கிக் கணக்குகளில் யு.பி.ஐ வைத்திருங்கள். பர்ஸில் ஒரு 500 ரூபாய் எப்போதும் இருக்கட்டும்.

* ரயில், பஸ், சினிமா டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நெட் இல்லாவிட்டாலும் திறக்கும்.

* வீட்டுப் பெரியவர்களின் முக்கிய எண்கள் நான்கையாவது ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள்.

* பணம் 'பெண்டிங்' என்று காட்டினால், உடனே இன்னொரு முறை அனுப்பாதீர்கள். கொஞ்சம் பொறுத்து, வங்கி மெசேஜைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஓ.டி.பி வரவில்லையா? ஒரு வாய் காபி குடித்துவிட்டு வந்து பாருங்கள். உங்களைப் போல நாலு பேர் பொறுத்தால், அந்த வரிசை தானாக நகரும்.